ஊருக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர்

திருச்சுழி பக்கம் ஒரு சிற்றூர்க் கண்மாய். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் அதைத் தூர்வாரிக் கொடுத்தது. சீமைக்கருவேல மரங்களை வேரோடு எடுத்தார்கள். கரையை உயர்த்தினார்கள். மடைக்குப் புதிய இரும்புக் கதவு போட்டார்கள். அந்த வருடம் ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. ஊர் பொங்கல் வைத்துக் கும்பிட்டது.

மூன்றாவது வருடம் நான் போனபோது மடைக்கதவின் திருகு உடைந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வரத்துக்காலில் மறுபடியும் கருவேலங்கன்றுகள். யார் சரிசெய்வது என்று கேட்டேன். கம்பெனிதான் வர வேண்டும் என்றார் கரையில் நின்ற பெரியவர். திட்டம் முடிந்துவிட்டதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள் என்றார் இன்னொருவர். இந்தக் கண்மாய் யாருடையது என்று கேட்டதற்கு இருவரிடமும் உடனே பதில் வரவில்லை.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் எழுதப்படாமல் விட்டுப்போனது. கொடுத்தது எவ்வளவு என்று கம்பெனியின் பேரேட்டில் இருக்கும். ஊரில் மிஞ்சியது எவ்வளவு என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை. இந்த இரண்டாவது கணக்கை எழுதத்தான் ஒரு மனிதர் தன் வாழ்நாளைக் கொடுத்தார். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடம் நமக்குத் தொலைவில் இல்லை. திருமங்கலம் – ராஜபாளையம் சாலையில் உள்ள டி.கல்லுப்பட்டி. அவர் ஜே.சி.குமரப்பா.

கம்பெனிக் கணக்கில் தொடங்கியவர்

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். சென்னையில் படித்துவிட்டு லண்டனுக்குப் போய்த் தணிக்கையாளர் ஆனார். 1919-ல் திரும்பி வந்து, பம்பாயில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக, ஆங்கிலேயர் போலவே வாழ்ந்தார். வியாபார நிறுவனங்களின் வரவு செலவைச் சரிபார்ப்பது அவர் தொழில். லாபம் எப்படி வருகிறது, ஐந்தொகையில் எதைக் காட்டுவார்கள், எதை மறைப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

1927-ல் அமெரிக்கா போனார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தபின், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பொதுநிதி படித்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதுதான் திருப்பம். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு புரட்டப் புரட்ட, விவசாயி கட்டும் வரி எங்கே போகிறது, அவனுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பது தெளிவாயிற்று. போவது நிறைய, வருவது கொஞ்சம். ஊர் ஏழையானதற்கு ஊராரின் சோம்பல் காரணமில்லை என்பதை எண்களே காட்டின.

இந்தியா திரும்பியதும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைச் சேர்த்துக்கொண்டார்.

சாணி மெழுகிய தரை

தன் ஆய்வுக் கட்டுரையை அச்சிட வழி தேடியபோது காந்தியைப் பார்க்கச் சொன்னார்கள். 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வந்துவிட்டதால் சுற்றிப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார் குமரப்பா. அவர்தான் காந்தி என்று பிறகே தெரிந்தது. உடனே விலை உயர்ந்த உடையோடு அதே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கொண்டு வந்தபோதும் வேண்டாம் என்றார்.

கட்டுரை காந்தியின் யங் இந்தியா இதழில் தொடராக வந்தது. காந்தி அத்தோடு விடவில்லை. குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுக்கச் சொன்னார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஏறி இறங்கினார். எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை மாடு, விதைக்கு என்ன செலவு, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு, கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். ஒரு கம்பெனிக்கு ஐந்தொகை போடுவதுபோல ஒரு வட்டத்துக்கே போட்டார். நிலவரி விவசாயியின் லாபத்திலிருந்து போகவில்லை, அவன் வயிற்றிலிருந்து போகிறது என்பதை அந்த ஆய்வு வெளிப்படுத்தியது.

இன்று கிராமங்களில் அடிப்படை ஆய்வு நடத்தும் விரிவாக்கப் பணியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்தத் திட்டத்தையும் மனதில் வைத்துக்கொண்டு அவர் ஊருக்குள் போகவில்லை. முதலில் கணக்கு, பிறகுதான் திட்டம்.

அடுத்தவர் கொடுத்த பணம்

உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் யங் இந்தியாவை நடத்தினார், சிறைக்கும் போனார். 1934 ஜனவரி 15-ல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நாடெங்கும் இருந்து நிவாரணப் பணம் குவிந்தது. அதன் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் வேலை நடந்தது.

தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சிறிய தொகையைக் கட்டினார் குமரப்பா. காந்தி தன் குழுவோடு பார்வையிட வந்தபோது, அவர்களுடைய செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று கொடுத்த பணம் பாதிக்கப்பட்டவர்களுக்கே. காந்தி வருத்தப்படவில்லை, சரிதான் என்று ஏற்றுக்கொண்டார்.

ஊரின் பெயரால் வரும் பணத்துக்கு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் நடத்திக் காட்டிய முதல் பாடம்.

மகன்வாடி

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. அமைப்பாளர் குமரப்பா. வார்தாவில் தோட்டத்தோடு கூடிய இடத்தை அதற்குக் கொடுத்தவர் ஜம்னாலால் பஜாஜ். பெரிய தொழிலதிபர், பஜாஜ் தொழில் குழுமத்தைத் தொடங்கியவர். அந்த இடத்துக்கு மகன்வாடி என்று பெயர் வைத்தார்கள். இடமும் பணமும் தொழிலதிபரிடமிருந்து வந்தன. அங்கே என்ன வேலை நடக்க வேண்டும் என்பதைக் கிராமத்தின் தேவை தீர்மானித்தது. நிறுவனமும் ஊரும் கைகோத்ததற்கு நம் நாட்டில் ஒரு பழைய உதாரணம் இது.

கைக்குத்தல் அரிசி, மாட்டுச்செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், சோப்பு, எருக்குழி என்று ஒவ்வொன்றையும் அங்கே சோதித்துப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் மகன்தீபம் என்ற விளக்கையும் உருவாக்கினார்கள். வேம்பும் புங்கும் இலுப்பையும் நிற்கிற ஊரில், விளக்கு எரிக்க வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஏன் பணம் அனுப்ப வேண்டும் என்பது அவர் கேள்வி.

செக்கைப் பற்றிய அவர் கணக்கு நம் பகுதிக்கு நன்றாகப் பொருந்தும். நிலக்கடலையோ எள்ளோ ஊர்ச் செக்கில் ஆடினால் எண்ணெய் அடுப்பங்கரைக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டுச்சாணம் நிலத்துக்கு, கூலி செக்காட்டுபவருக்கு. எல்லாமே ஊருக்குள் சுற்றும். வித்தை அப்படியே மூட்டை கட்டி ஆலைக்கு அனுப்பினால் கையில் ரொக்கம் வரும். மற்ற எல்லாம் போய்விடும். பிறகு எண்ணெயையும் புண்ணாக்கையும் உரத்தையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் கரிசல் காட்டில் பருத்திக்கு நடந்ததும் இதுதான். ஒரு காலத்தில் பருத்திக்கொட்டை வீட்டிலேயே தங்கியது. ஆட்டிப் பால் எடுத்து மாட்டுக்கு வைத்தோம், நாமும் குடித்தோம். இன்று பருத்தி மொத்தமாக மண்டிக்குப் போகிறது. கொட்டையைக் கடையில் வாங்குகிறோம்.

விதைநெல்லும் வருமானமும்

1942 போராட்டத்தையொட்டி மறுபடியும் சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றிய தன் முக்கியமான நூலை எழுதினார். 1945-ல் அது வெளிவந்தபோது காந்தி முன்னுரை எழுதி, அவருக்குக் கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று பட்டமும் கொடுத்தார். வேளாண்மையில் டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு அந்தப் பட்டத்தின் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

அந்த நூலில் இயற்கைச் செல்வத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று தேங்கிக் கிடப்பது: நிலக்கரி, பெட்ரோலியம், தாது. எடுத்தால் குறையும், திரும்ப வராது. இன்னொன்று ஓடிக்கொண்டே இருப்பது: வெயில், மழை, பயிர், மரம், கால்நடை. அளவோடு எடுத்தால் வருடா வருடம் கிடைக்கும். தேங்கிய செல்வத்தை நம்பி வாழ்கிறவர்கள் ஒருநாள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். ஓடும் செல்வத்தை நம்பி வாழ்கிறவர்கள் நிலைத்திருப்பார்கள். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

ஒரு தணிக்கையாளருக்கு இது புதிதல்ல. முதலை வருமானமாகக் காட்டினால் அது பொய்க்கணக்கு. விவசாயிக்கும் இது தெரியும். விதைநெல்லைத் தின்றுவிட்டு விளைச்சல் என்று சொல்ல முடியாது. பந்தல்குடியில் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் தேங்கிய செல்வம். திருச்சுழியை ஒட்டிய கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் பிடிப்பது ஓடும் செல்வம். ஆனால் பலகை விரிக்க நிலம் வேண்டும். அந்த நிலத்தின் மேய்ச்சலும் மழைநீர் ஓட்டமும் கணக்கில் வர வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே இருந்து உறிஞ்சும் தண்ணீர், மழையில் திரும்ப ஊறும் அளவைத் தாண்டினால் அதுவும் தேங்கிய செல்வம்தான். கண்மாய்த் தண்ணீர் ஓடும் செல்வம், வரத்துக்கால் திறந்திருக்கும் வரை.

வாழ்கிற முறையை ஐந்து வகையாகப் பிரித்து, விலங்குகளையும் பறவைகளையும் கொண்டு விளக்கினார். புலி ஆட்டை அடித்துத் தின்னும், உயிரே போய்விடும். குரங்கு மாந்தோப்பில் புகுந்து பறித்துத் தின்னும். தோப்பு பிழைக்கும், ஆனால் குரங்கு அதற்கு எதுவும் செய்யாது. பறவை தானே உழைத்துக் கூடு கட்டிக்கொள்ளும். தேனீ தன் கூட்டத்துக்கே சேர்த்து வைக்கும். தாய்ப்பறவை எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும்.

நம் ஊருக்கு வருகிற ஒரு நிறுவனத்தை இந்த வரிசையில் எங்கே வைப்பது? தாய்ப்பறவையாக இருக்கச் சொல்லி எந்தக் கம்பெனியையும் கேட்க முடியாது. அது லாபத்துக்காக நடப்பது. ஆனால் புலியாக இருக்கிறதா, குரங்காக இருக்கிறதா, தேனீக் கூட்டத்தோடு சேர்ந்து உழைக்கத் தயாராக இருக்கிறதா என்று பார்க்க முடியும். மாலை, பலகை, புகைப்படம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எடுத்தது, கொடுத்தது இரண்டையும் எழுதினால் விடை வந்துவிடும்.

கல்லுப்பட்டி

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949-ல் வந்த அறிக்கை, உழுகிறவனுக்கும் அரசுக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது என்றும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பெரிய ஆலைகளையும் பெரிய திட்டங்களையும் நோக்கி நாடு போனபோது, தன் கருத்தைத் தயங்காமல் சொன்னார். பதவிகளில் ஒட்டிக்கொள்ளவில்லை.

1950-களில் டி.கல்லுப்பட்டிக்கு வந்து, காந்தியவாதி வேங்கடாசலபதி உருவாக்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை. சிறிய குடியிருப்பு, கதர் உடை, எளிய சாப்பாடு. அவர் சுவரில் ஓர் ஏழைக் கிராமவாசியின் படம் மாட்டியிருந்ததாகச் சொல்வார்கள். யார் என்று கேட்பவர்களுக்கு, காந்தி தன் எஜமானர் என்றும் படத்தில் இருப்பவர் அந்த எஜமானருக்கும் எஜமானர் என்றும் விளக்குவாராம்.

1960 ஜனவரி 30-ல் சென்னையில் காலமானார். காந்தி சுடப்பட்ட அதே நாள்.

இன்று நம் கையில் உள்ள கருவி

குமரப்பா காலத்தில் கம்பெனி ஊருக்குக் கொடுப்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது. இன்று அது சட்டம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. நீர்நிலை, மண்வளம், ஊரக வளர்ச்சி எல்லாம் இதில் அடங்கும். ஆகவே வருகிற பணத்தை யாரோ போட்ட பிச்சையாக நினைத்துக் கூனிக் குறுக வேண்டியதில்லை.

நம் குண்டாறு வடிநிலத்திலேயே நல்ல முறை ஒன்று உண்டு. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை, 1990-களில் தொடங்கிய கண்மாய்ப் பணியில், ஆயக்கட்டு விவசாயிகளை முதலில் வயலகம் என்ற சங்கமாகச் சேர்த்தது. விவசாயிகளும் பணமாகவோ உழைப்பாகவோ தங்கள் பங்கைப் போட்டார்கள். வேலையைச் சங்கமே எடுத்து நடத்தியது. பின்னாளைய பராமரிப்புக்கு ஒரு வைப்பு நிதியும் சேர்த்தார்கள். நிறுவனங்களின் அறக்கட்டளைகள் இந்த வேலைக்கு நிதி கொடுத்திருக்கின்றன. இந்துஸ்தான் யூனிலீவரின் அறக்கட்டளை அவற்றில் ஒன்று. மகன்வாடியில் நடந்ததுபோல, பணம் வெளியிலிருந்து வந்தாலும் வேலையின் கடிவாளம் ஊரிடம் இருந்தது.

ஒரு நிறுவனம் உங்கள் ஊருக்கு வந்தால், வேலை தொடங்கும் முன் இந்த ஐந்தையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

1. கண்மாய் யாருடையது? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உரிய துறையின் அனுமதியும் கிராமசபைத் தீர்மானமும் இரண்டுமே வேண்டும்.

2. கட்டி முடித்தபின் யாரிடம் ஒப்படைப்பார்கள்? 2021-ல் திருத்திய விதிகளின்படி, இந்த நிதியில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. அரசு அமைப்பு, பதிவு பெற்ற அறக்கட்டளை, பயனாளிகளின் குழு போன்றவற்றிடம் இருக்க வேண்டும். ஒப்படைப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

3. பராமரிப்புக்கு எவ்வளவு? தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டை விட்டு அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். அதன்பின் மடைக்கதவுக்கு எண்ணெய் விடுவதும் கரையில் கன்று பிடுங்குவதும் நம் வேலை. திட்டத் தொகையில் ஒரு பகுதியும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊர் வசூலும் சேர்த்து, சங்கத்தின் பெயரில் வங்கியில் போடுங்கள். நீர்ப்பாய்ச்சிக்கு உரிய கூலியும் அதில் அடங்கட்டும்.

4. கரம்பை மண் எங்கே போகும்? தூர்வாரும் வண்டல் உங்கள் கண்மாய் சேர்த்து வைத்த முதல். முறைப்படி அனுமதி வாங்கி, அதே ஆயக்கட்டு நிலங்களுக்கும் மானாவாரிப் புஞ்சைக்கும் அடியுங்கள்.

5. நிறுவனம் இந்த ஊரிலிருந்து எடுப்பது என்ன? தண்ணீரா, நிலமா, விளைபொருளா? நான்கைந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். மாதர் வட்டத்தில் குமரப்பாவுக்கு மாணவர்கள் செய்ததும் இப்படிப்பட்ட வேலைதான்.

இந்த நோட்டைக் கிராமசபையில் சத்தமாகப் படிக்க வேண்டும். அக்டோபர் 2 அதற்குப் பொருத்தமான நாள். வேளாண் உதவி அலுவலர்களும் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் முதல் வருடம் எழுதிப் பழக்கிவிட்டால் போதும். பிறகு ஊரே பார்த்துக்கொள்ளும்.

அந்தத் திருச்சுழிக் கண்மாய்க்குப் போன ஆவணியில் மறுபடியும் போனேன். ஆயக்கட்டுக்காரர்கள் கூடி ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்து, அருப்புக்கோட்டைப் பட்டறையில் திருகை மாற்றியிருந்தார்கள். வசூலித்த பெரியவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, கடைசி வரியில் கையிருப்பு. வரத்துக்கால் கருவேலுக்கு இன்னும் பணம் சேரவில்லை. அதையும் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தார்.